இரண்டாயிரம் புள்ளிகள்

அந்த ஆபீசில் அவளுக்குச் சீல் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மாதம் ஒருமுறை அதைப் பார்க்கும்போது, யார் இது என்று தனக்கே ஒரு நொடி தோன்றுவதாக அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். தண்ணீர் பம்பு செய்து விற்கும் கம்பெனி அது. செம்புக் கம்பியோ போல்ட்டோ, ஆபீசில் குடிக்கிற டீக்குத் தூளோ, வெளியிலிருந்து எது வந்தாலும் அதற்கான பில் இரண்டாவது மாடியில் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். மரப்பிடி போட்ட சீலை எடுத்து மையில் ஒற்றி, பில்லின் வலது மூலையில் ஒரு குத்துக் குத்துவாள். "வரப்பெற்றது." கீழே தேதி. அந்தக் குத்து விழாத பில்லுக்குப் பணம் கிடையாது. முதலாளியின் தம்பி கொண்டுவந்த ஹோட்டல் பில்லையே, "ஆர்டர் நம்பர் இல்லையேங்க, நான் எப்படி ஏத்துறது?" என்று திருப்பிக் கொடுத்தவள். அவர் முறைத்துக்கொண்டே போனார். அடுத்த நாள் ஆர்டர் நம்பரோடு வந்தார்.

சீல் குத்துவது வேலையில் கால்வாசிகூட இல்லை. என்ன கேட்டோம் என்கிற ஆர்டர், என்ன வந்தது என்பதற்கான கையெழுத்து, என்ன கேட்கிறான் என்கிற பில், இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கிலோவில் கேட்டதற்கு மீட்டரில் பில் போடுவான் ஒருவன். வரிக்கு மேல் வரி போட்டுக் கூட்டுவான் இன்னொருவன். அவனவனுக்குப் போன் போட்டு, திட்டாமல் திட்டி, திருத்தி வாங்கி, அப்புறம் கம்ப்யூட்டரில் சப்ளையர் கோடு, பில் நம்பர், தேதி, தொகை என்று ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அது ஒரு எண் கொடுக்கும். அதைப் பென்சிலால் பில்லின் தலையில் எழுதி, மாதக் கட்டில் சேர்த்து வெள்ளை நூலால் கட்டி, மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் ரெக்கார்டு ரூமில் அடுக்குவாள். அந்த அறையின் சாவி அவளிடம்தான். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பில். இருபத்தேழு வருடத்துக்கு எத்தனை என்று வேண்டுமானால் நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் போட்டதில்லை.

வீட்டில் கணவர் மட்டும். லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம்செய்து உள்ளே விடுவார்கள். "துவைச்சுப் பிழிஞ்சு அனுப்பிட்டாங்க. இஸ்திரி மட்டும் நீ போட்டுடு," என்பார் வீட்டுக்கு வந்து படுத்ததும். சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. அத்தனை செலவும் கம்பெனியின் இன்சூரன்சில் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலையில் இருந்தால் கிடைக்கும். இன்னும் இரண்டு வருடத்தில் ஒழுங்காக ஓய்வு பெற்றால் அதன் பிறகும் கிடைக்கும். வேலையைவிட்டு நீக்கினால் அந்த மாதத்தோடு நின்றுவிடும். இது இன்சூரன்ஸ் தாளின் மூன்றாவது பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த விஷயம். அந்தப் பக்கத்தை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

இனி பெட்டிக்காரர். பம்பை வெளியூருக்கு அனுப்ப மரப்பெட்டி வேண்டும். நகரத்தின் விளிம்பில் ஒரு தகரக் கொட்டகை, ஓர் அறுவை மெஷின், கூடமாட வேலை செய்ய இரண்டு ஆட்கள் என்று வைத்துக்கொண்டு அவர் பெட்டி செய்து கொடுத்தார். வாரம் தவறாமல் நாற்பது பெட்டி. அதைப் பாக்கிங் பகுதியில் இறக்கிவிட்டு, அங்கிருக்கும் மேஸ்திரியிடம் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே வருவார். வரும்போது படிக்கட்டிலேயே நின்று சட்டையைப் படபடவென்று தட்டிக்கொள்வார். மரத்தூள் பறக்கும். "உங்க கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதும்மா," என்பார். அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை அவள் மேசைக்கடியில் வீங்கிய கால்களைப் பார்த்துவிட்டு, மிச்ச மரத்தில் ஒரு சின்னக் கால்மணை செய்து கொண்டுவந்தார். சப்ளையரிடம் ஓசியில் எதுவும் வாங்குவதில்லை என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் விலை பேசி, பணம் கொடுத்து, ரசீதும் எழுதி வாங்கிய பிறகுதான் காலை அதன்மேல் வைத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அந்த மனிதரை அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் கணவரிடம் ஆபீஸ் கதை பேசினால் அதில் பாதி பெட்டிக்காரர்தான்.

அவருடைய பில் புத்தகம் ஸ்டேஷனரி கடையில் வாங்கியது. ஐம்பது பில், ஒவ்வொன்றுக்கும் அடியில் கார்பன் வைத்து எழுத ஒரு மெல்லிய தாள். மேல் தாள் கம்பெனிக்கு, அடித்தாள் அவருக்கு. ஒன்றிலிருந்து ஐம்பதுவரை எண்கள் அச்சிலேயே இருக்கும். வாரம் ஒரு பில் என்று வருடத்துக்கு ஒரு புத்தகம் தீரும். தீர்ந்ததும் அதே கடை, அதே புத்தகம், மறுபடி ஒன்றிலிருந்து.

வினை அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது புத்தகத்தின் முதல் பில் வந்த அன்று அவள் 1 என்று அடித்தாள். "இந்த எண்ணில் ஏற்கெனவே பில் உள்ளது" என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அது மறுத்தது நியாயம்தான். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விடக் கூடாது என்று வைத்த பூட்டு அது. முறைப்படி ஒரு படிவம் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, பில் நம்பருக்கு முன்னால் வருடத்தைச் சேர்த்து ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அன்று வியாழக்கிழமை. வெள்ளி காலைக்குள் ஏறாவிட்டால் பணம் பதினைந்து நாள் தள்ளிப்போகும். பெட்டிக்காரரோ மரக்கடைக்கு அந்த வாரம் பாக்கி கட்டியாக வேண்டும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

"என்னம்மா, நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இதுக்குத்தான் கிறுக்கு," என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

ஒன்றுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. அதற்கு 1 வேறு, 1-க்குப் பின்னால் புள்ளி வைத்தது வேறு. ஒரு புள்ளியால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று அவள் நினைத்தாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எதிரில் ஒரு மனிதர் முகம் வாடி நிற்கும்போது நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். அடுத்த வருடம் இரண்டு புள்ளி. அதற்கடுத்த வருடம் மூன்று. முறைப்படி சரிசெய்ய அவளுக்கு எத்தனையோ வருடம் இருந்தது. செய்யவில்லை. இரக்கத்தில் தொடங்கியது, சோம்பலில் அப்படியே நின்றுவிட்டது. நான் குறை சொல்வது அந்தச் சோம்பலைத்தான்.

பதினொன்றாவது புத்தகம் தீர்ந்தபோது பத்துப் புள்ளி ஆகியிருந்தது. பன்னிரண்டாவது தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தபோது கம்பெனியில் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். அதற்காக அந்த ஆறு பில்லையும் ஏற்றாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பழைய கணக்கையெல்லாம் அதற்குள் மாற்றினார்கள். புதியதற்குப் புள்ளி கண்ணில் படாது. எண்ணை மட்டும்தான் பார்க்கும். மாற்றிய முதல் நாளே சிவப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஒரே சப்ளையர், ஒரே எண்கள், திரும்பத் திரும்ப. ஐந்து வருடமாகப் பெட்டிக்கு ஒரு காசு விலை ஏற்றாமல் வைத்திருந்தது கம்பெனி. அதனால் தொகையும் ஒன்றேதான். பார்ப்பவர் யாராக இருந்தாலும், பழைய பில்லையே மறுபடி மறுபடி கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்.

புதன்கிழமை காலை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜரும், வெளியிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினாள்.

"அக்கா, பழைய சாஃப்ட்வேர்ல இந்த நம்பருக்கெல்லாம் பின்னாடி புள்ளி இருக்கு. ரெண்டு விதமா நடந்திருக்கலாம். ஒன்னு, அந்தப் பெட்டிக்காரர் பழைய பில்லையே புள்ளி வச்சு எழுதிக் குடுத்து ஏமாத்தியிருக்கணும். இல்லைன்னா உள்ளே இருந்து யாராவது வச்சிருக்கணும். பேப்பர்ல புள்ளி இருந்துச்சா?"

போன வருடம்தான் ஸ்டோரில் ஒருவரை, ஒரே ஒரு ரசீதின் தேதியை மாற்றியதற்காக, அன்று மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் நம்பரை மாற்றுவது அதைவிடப் பெரிய குற்றம். அதுவும் ஐந்நூறு பில். அன்று புதன்கிழமை. இந்நேரம் கணவரின் கையில் ஊசி ஏற்றியிருப்பார்கள்.

"இருந்துச்சு," என்றாள். "அவர் அப்படித்தான் எழுதிக் குடுப்பார்."

"அப்போ பேப்பரை எடுத்து வைங்க. திங்கட்கிழமை பார்த்து முடிச்சுடலாம்," என்றார் மேனேஜர்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய காகிதம் எதுவும் அங்கே இருக்காது. மாதக் கடைசி வெள்ளியன்று ஒரு வண்டி வந்து பழையதை மெஷினில் போட்டுக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் ஐந்து புத்தகத்தின் பில்கள், இருநூற்றைம்பது தாள். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் சாப்பாட்டு நேரத்தில் அவள் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கட்டை அவிழ்த்து, பெட்டிக்காரரின் பில்லை உருவி, அச்சிலிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் புள்ளி வைத்தாள். பழைய வருடத்துக்கு ஆறு. அடுத்ததற்கு ஏழு. அப்படியே பத்துவரை. அவர் பேனாவை அழுத்தி எழுதுகிறவர். அதனால் அவளும் அழுத்தி வைத்தாள். முதல் பில்லில் ஒவ்வொரு புள்ளிக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இருபதாவது பில்லில் பார்ப்பதை விட்டுவிட்டாள். அப்புறம் அது வழக்கமான ஆபீஸ் வேலைதான். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள்.

மொத்தம் இரண்டாயிரம் புள்ளி. இந்தக் கணக்கை மட்டும் அவள் போட்டு வைத்திருந்தாள்.

ஒன்றை மறந்தாள். பில்லுக்கு அடித்தாள் உண்டு, அது அவரிடம் இருக்கும் என்பது அந்த மூன்று நாளும் அவள் புத்தியில் ஏறவே இல்லை. அவள் மேசைக்கு வந்ததெல்லாம் மேல் தாள்தான். இத்தனை வருடத்தில் ஒரு கார்பன் காப்பியைக்கூட அவள் கையால் தொட்டதில்லை.

திங்கட்கிழமை ஆடிட்டர் பெண் பில்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் புள்ளி. பாக்கிங் மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டு, வாரா வாரம் பெட்டி வந்தது உண்மையா, எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார்கள். "எனக்கு எதுங்க நேரம்? நீட்டினா போடுவேன்," என்றார் அவர். அத்தோடு விசாரணை முடிந்தது. பெட்டிக்காரருக்குக் கடிதம் போனது. பாக்கியிருந்த ஆறு வாரப் பணம் கிடையாது, இனிமேல் பெட்டியும் வேண்டாம். பழைய பணத்தைத் திருப்பிக் கேட்காமல் விட்டதே பெரிய மனசு என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இந்த மாதிரிச் செய்திக்குக் கால் முளைக்கும். அவரிடம் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த வேறு இரண்டு கம்பெனிகளும் நிறுத்திவிட்டன.

பத்து நாள் கழித்துக் கீழேயிருந்து போன் வந்தது. வாசலில் பெட்டிக்காரர், அவளைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார், மேலே விட உத்தரவில்லை என்றார்கள். இறங்கிப் போனாள். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்தார். காலடியில் ஒரு சின்ன மரப்பெட்டி.

"நான் புள்ளி வச்சேன்னு லெட்டர்ல எழுதியிருக்கும்மா. நான் எதுக்குப் புள்ளி வைக்கணும்?" பெட்டியைத் திறந்தார். பதினொரு பில் புத்தகங்கள், வருட வாரியாக. ஒன்றை எடுத்துப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். மெல்லிய தாளில் கார்பன் எழுத்து. அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் காகிதம். "மேல எழுதினா கீழ விழுந்திருக்கணுமில்ல? ஒன்னுலயாவது இருக்கா பாருங்க."

அவள் பார்த்தாள். இன்னொரு தாளையும் புரட்டினாள்.

"மேனேஜரைப் பார்க்க விட மாட்டேங்கிறாங்க. நீங்க கொண்டு போய்க் காட்டுங்க. உங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமில்லை," என்றார். கொஞ்சம் தயங்கினார். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு சீட்டு மட்டும் குடுத்துடுங்கம்மா. நீங்கதானே எதுக்கும் ரசீது வேணும்பீங்க."

மேலே போய், ஒரு தாளில் 'பில் புத்தகங்களின் கார்பன் காப்பி, பதினொன்று' என்று எழுதி, சீலைக் குத்தி, கீழே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெட்டி ஒன்பது நாள் அவள் மேசைக்கடியில் கால்மணைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் காலையில், இன்றைக்கு மேனேஜரிடம் கொடுத்துவிடுவது என்று வருவாள். மாலையில் அது அங்கேயே இருக்கும். பெட்டிக்காரர் மூன்று தடவை போன் செய்தார். லீவு என்று சொல்லச் சொன்னாள். எட்டாம் நாள் சாயங்காலம் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

"பெட்டிக்காரர் எப்படி இருக்கார்? அந்த ஆளைப் பத்திப் பேச்சையே காணோமே."

"வேற கம்பெனி பார்த்துக்கிட்டாராம்."

"நல்ல மனுஷன். போற இடத்துல நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். ஊசி குத்திய இடம் கன்றியிருந்தது. அவள் துணியை நனைத்து ஒற்றி எடுத்தாள்.

மறுநாள் மாதக் கடைசி வெள்ளி. கிழிக்கும் வண்டி வந்தது. பழைய கட்டுகளோடு அந்தப் பதினொரு புத்தகங்களையும் சாக்கில் போட்டாள். என்னென்ன போகிறது என்கிற பட்டியலில் 'பழைய தாள், ஒன்பது சாக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஜன்னல் வழியாக மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் செய்தது துரோகம். அது அவளுக்கும் தெரியும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் இரத்தத்தைத் துவைத்துக்கொண்டிருக்கும்போதே கணவரின் இதயம் நின்றுவிட்டது. அவள் ஆபீசிலிருந்து போய்ச் சேருவதற்குள் குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் கடைசிப் பில்லை அவள் கையில் கொடுத்தபோது, கண்ணீரோடு கண்ணீராக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டிருந்தார்கள். சொல்லி ஒன்றை நீக்கவைத்தாள். இன்சூரன்ஸ் மிச்சத்தைக் கட்டியது.

பதினைந்து நாள் லீவு முடிந்து மேசைக்கு வந்தபோது, தட்டில் முதல் பில்லாகப் புது பெட்டிக் கம்பெனியின் பில் இருந்தது. கம்ப்யூட்டரில் அடித்த அழகான பில். பெட்டிக்கு விலை கால் பங்கு கூடுதல். மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் சீலை எடுத்தாள். குத்தவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சீலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தகரக் கொட்டகை திறந்துதான் கிடந்தது. அறுவை மெஷின் இருந்த இடத்தில் சிமென்ட் தரையிலிருந்து நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் யாரும் இல்லை. பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து, எங்கோ வாங்கிய உடைந்த பெட்டிகளைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"புள்ளி வச்சது நான்தாங்க," என்றாள்.

"தெரியும்." சுத்தியல் நிற்கவில்லை. "பணத்தோட வர்ற சீட்டுல பில் நம்பர் போட்டிருக்குமே. ஒரு வருஷம் ஒரு புள்ளி, அடுத்த வருஷம் ரெண்டு. இது என்னங்க எறும்பு மாதிரின்னு வீட்டுல கேட்பா. அந்தம்மா நமக்காக என்னமோ பண்றாங்க, கேட்காதேன்னு சொல்லுவேன்."

"பேப்பர்ல வச்சதும் நான்தான்."

சுத்தியல் இப்போது நின்றது. "அதை நம்பத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு," என்றார்.

"தெரிஞ்சுமா புக்கை என்கிட்ட குடுத்தீங்க?"

"நான் போய்ச் சொன்னா உங்க வேலை போயிடும். நீங்களா சொன்னா மன்னிச்சு விட்டாலும் விடுவாங்கன்னு நினைச்சேன். வாசல்லயே நின்னு கத்தியிருக்கலாம் நான். பதினொரு வருஷம் என் பணத்தை ஒரு நாள் தள்ளிப் போகாம குடுத்தவங்களாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்." ஓர் ஆணியை எடுத்தார், வைத்தார். "அந்தப் புக்கு எங்கம்மா?"

"இல்லைங்க. கிழிக்கிற வண்டியில போட்டுட்டேன்."

"பதினொன்னுமா?"

"பதினொன்னும்."

அவர் அறுவை மெஷின் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுக்காரர் போயிட்டார். அவர் வைத்தியம் கம்பெனியாலதான் நடந்துச்சு. அதை விட முடியலை."

"அவர் இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

பொய் சொல்ல அது நல்ல இடம். கேட்பவருக்கும் ஒரு ஆறுதல் ஆகியிருக்கும்.

"மாட்டேன்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய், ஆணி போடும் தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். நான்காக மடித்த அதே சீட்டு. "என்கிட்ட மிச்சம் இருக்கிறது இதுதான். இதை வச்சு நான் என்னத்தைச் செய்ய?"

அவள் அதை வாங்கினாள். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை நீட்டினார். "பென்சில் வேண்டாங்க, அழிச்சுடலாம்," என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள். கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின்மேல் வைத்து, சீட்டின் பின்பக்கம் எழுதினாள். பில்லில் புள்ளி வைத்தது யார், எந்த மூன்று நாளில், எத்தனை. பதினொரு புத்தகத்திலும் புள்ளி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தது. அவற்றை எந்தத் தேதியில் அழிக்கப் போட்டது. நாற்பது பெட்டி வாரம் தவறாமல் வந்தது. கீழே, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். சீலை எடுத்து, மைப்பெட்டி இல்லாததால் வாயால் ஊதி ஈரமாக்கி, அழுத்திக் குத்தினாள். மங்கலாகத்தான் விழுந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதைக் காட்டினா உங்களுக்கு வர வேண்டிய ஓய்வுப் பணம்?"

"வராது."

"கேசு கீசுன்னு போவாங்க."

"போவாங்க."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் இல்லை அது. "என்னை மேல விட மாட்டாங்களே," என்று மட்டும் சொன்னார்.

"நான் கீழே வந்து நிக்கிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு."

மறுநாள் ஒன்பதரைக்கே அவள் வாசலில் நின்றாள். பத்து மணிக்கு அவர் வந்தார். காவலாளி தடுத்தபோது, "என்னோடதான் வர்றார், மேனேஜரைப் பார்க்க," என்றாள். அந்த வாசலில் அவள் சொல்லுக்கு அன்றுவரை மரியாதை இருந்தது. காவலாளி விலகினார். இருவரும் படியேறினார்கள். இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே அவர் நின்றார். பழக்கத்தில் சட்டையைப் படபடவென்று தட்டிக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு தூசும் விழவில்லை.